ஜிக்கிக்காக உன்னோடு ஒரு வழக்கு

அன்புள்ள மச்சாள்,

உன் கடிதம் கிடைத்தவுடனே பதில் போடத்தான் இருந்தேன், மழை விடவில்லை. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது, முற்றமெல்லாம் வெள்ளம், கிணற்றுத் தண்ணீரும் கலங்கிப் போய்விட்டது. இன்றைக்குத்தான் கொஞ்சம் வெயில். கொப்பியை எடுத்துக்கொண்டு விறாந்தையில் வந்து இருக்கிறேன். என் சுகத்துக்குக் குறைவில்லை, சீனி மட்டும் ஏறி இறங்குகிறது. உன் முழங்காலைக் கவனமாகப் பார்த்துக்கொள், ரொறன்ரோக் குளிரில் அவசரப்பட்டு வெளியே நடக்காதே.

சரி, விசயத்துக்கு வருகிறேன். சினிமாப் பாட்டுக்காரி ஜிக்கியைப் பற்றி நீ எழுதிய ஒரு வரி என்னை விடவேயில்லை. "சுசீலா வந்த பிறகு ஜிக்கியை யார் தேடினார்கள், அது சின்னப்பிள்ளைக் குரல்தானே" என்று எழுதியிருந்தாய். மச்சாள், எத்தனையோ விசயத்தில் உன்னோடு ஒத்துப் போயிருக்கிறேன், இதில் மாட்டேன். அதுவும் நீயா இதைச் சொல்கிறாய்? வின்சன்ட் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் தபாலட்டை வாங்கி, நம் வகுப்புப் பெட்டைகளின் பெயரையெல்லாம் வரிசையாக எழுதி, இலங்கை வானொலிக்கு நீ அனுப்பிய விருப்பங்களில் பாதிக்கு மேல் 'மயக்கும் மாலைப் பொழுதே' அல்லவா? ஏ.எம். ராஜாவுக்காகத்தான் கேட்டேன் என்று இப்போது சொல்லித் தப்பிக்காதே. அந்தப் பாட்டில் பாதி ஜிக்கி.

இதை இவ்வளவு சூடாக எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அண்ணனின் அலுமாரியில் கிடந்த பழைய கசெட்டுகளை அவர் மகன் ஒவ்வொன்றாகத் துடைத்து, பூஞ்சணம் பிடித்ததைக் கழித்து, நல்லதையெல்லாம் பென் டிரைவில் ஏற்றித் தந்திருக்கிறான். இசைத்தட்டுகள் எல்லாம் 1978 கார்த்திகைச் சூறாவளியோடு போய்விட்டதே, உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அண்ணன் ரேடியோவுக்கு முன்னால் டேப் ரெக்கோர்டரை வைத்து, எங்களையெல்லாம் வாயை மூடச் சொல்லிவிட்டுப் பதிவு செய்த பாட்டுகள் இவை. 'இரவின் மடியில்' நிகழ்ச்சியில் போனவைதான் கூட. வயர் கொடுத்து எடுக்கத் தெரியாத காலம், ஆகவே வீட்டுச் சத்தம் முழுக்க உள்ளே இருக்கிறது. ஒரு பாட்டின் தொடக்கத்தில் அறிவிப்பாளரின் கடைசிச் சொல் பாதியில் வெட்டுப்பட்டுக் கேட்கிறது, மறுகா ஜிக்கி, மறுகா இரண்டாவது சரணத்தில் எங்கள் அம்மா பாக்கு இடிக்கிற சத்தம், டக் டக்கென்று, தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாமல். அண்ணன் அதற்காக அம்மாவோடு சண்டை பிடித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தச் சத்தத்துக்காகவே அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

ஜிக்கியை மட்டும் தனியாகப் பிரித்து, படம் வந்த வருச வரிசைப்படி அடுக்கித் தா என்று அவனிடம் கேட்டேன். அண்ணன் பதிந்ததில் இல்லாதவற்றை அவனே தேடி எடுத்துச் சேர்த்தான். அப்படி வரிசையாகக் கேட்டபோதுதான் இந்த வழக்கு என் மனதில் முழுசாக உருவானது.

நீ சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது, கிருஷ்ணவேணி என்ற சொந்தப் பெயர் கொண்ட ஜிக்கி சிறுமியாக இருக்கும்போதே பாட வந்தவர்தான். 1948இல் வந்த ஞானசௌந்தரியில் 'அருள் தாரும் தேவமாதாவே' பாட்டைத் தொடங்குவது ஜிக்கி. பாட்டு நடக்கும்போதே சிறுமி வளர்ந்து குமரியாகிவிடுவாள், அப்போது பி.ஏ. பெரியநாயகியின் குரல் பாட்டைக் கையில் எடுத்துக்கொள்ளும். ஆயித்தியமலை மாதா திருவிழாவுக்கு உன் அம்மாவோடு நாங்கள் நடந்து போனோமே, வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் தண்ணீர்ப் பந்தலில் இருந்தபோது ஒலிபெருக்கியில் இந்தப் பாட்டுத்தான் போனது. நாங்கள் கோயில் கும்பிடுகிற ஆட்கள், ஆனாலும் மாதாவிடம் போகாமல் விட்டதில்லை. அந்தச் சிறுமிக் குரலில் கெஞ்சல் இல்லை, கவனித்தாயா? மாதா கட்டாயம் தருவாள் என்று தெரிந்துகொண்டு கேட்கிற குரல். பெரியநாயகி பெரிய பாடகிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் வாங்கிப் பாடும்போது பாட்டுக்குள் துக்கம் வந்துவிடுகிறது, பிள்ளை பாடும் வரைக்கும் அது இல்லை.

அதே குரல் 1955இல் அனார்கலியில் 'ஜீவிதமே சபலமோ' பாடுகிறது. இது நல்ல சோகப் பாட்டு. சோகத்துக்கென்று குரலை நடுங்க வைப்பது, மூச்சை வெளியே கேட்கும்படி விடுவது, விம்முவது எதுவும் கிடையாது. நேராக நின்று பாடுகிறார். சாகப் போகிற ஒருத்தி தலையைக் குனியாமல் நிற்பது கண்ணுக்குள் வருகிறது. இதையா சின்னப்பிள்ளைக் குரல் என்கிறாய்? எனக்கு இது பயமில்லாத குரல். முறையாகச் சங்கீதம் படிக்காதவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். படிக்காததால் வந்த பலம் இது என்று நான் நினைக்கிறேன், ஸ்வரத்தைத் தேடிப் போகாமல் அதன் மேல் பட்டென்று வந்து நிற்பார். வஞ்சிக்கோட்டை வாலிபன் போட்டிப் பாட்டில் ஒரு பக்கம் பி. லீலா, கச்சேரி மேடை ஏறிய வித்துவான். மறுபக்கம் ஜிக்கி. 'சபாஷ், சரியான போட்டி' என்று படத்தில் வில்லன் வீரப்பா சொன்னது ஆட்டத்துக்காக, நான் அதைக் குரல்களுக்காகவும் எடுத்துக்கொள்கிறேன். லீலாவின் பயிற்சிக்கு முன்னால் ஜிக்கி ஓரிடத்திலும் ஒதுங்கி நிற்கவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுப் பறங்கி ஆன்டியை நினைவிருக்கிறதா? விறாந்தையில் தையல் மெஷினுக்குப் பின்னால் இருந்துகொண்டு, டோரிஸ் டே பாடிய 'கே செரா செரா'வை முணுமுணுத்துக்கொண்டே சட்டை தைப்பார். நீயும் நானும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதே மெட்டில் ஆரவல்லிப் படத்துச் 'சின்னப் பெண்ணான போதிலே'யை உரத்துப் பாடுவோம். ஆன்டி சிரித்துவிட்டுக் காலால் மெஷினை மிதிக்கிற வேகத்தைக் கூட்டுவார், எங்களுக்கு மூச்சு வாங்கும். வாங்கி வந்த மெட்டு என்றே தெரியாத மாதிரி ஜிக்கி அதைத் தமிழ்ப் பாட்டாக்கி வைத்திருக்கிறார். ஆன்டியின் ஆட்கள் பிறகு ஒஸ்ரேலியாவுக்குப் போய்விட்டார்கள், அந்த வளவில் இப்போது மூன்று மாடி கட்டியிருக்கிறார்கள்.

கல்யாணப் பரிசு 1959. இசை ஏ.எம். ராஜாவே. புருசன் இசையமைக்கிற படத்தில் கூடுதல் பாட்டு சுசீலாவுக்குத்தான், மனைவிக்கு வந்தது 'துள்ளாத மனமும் துள்ளும்'. ஆனால் என்ன பாட்டு! பட்டுக்கோட்டையார் எழுதியது, அந்த வருசமே இருபத்தொன்பது வயதில் அவரும் போய்விட்டார். இதை ஒருமுறை ஹெட்போன் போட்டுக் கேள், வடிவாய்க் கேள். 'துள்ளாத' என்பதில் வருகிற 'ள்' மேல் ஜிக்கி நாக்கை அழுத்தவே இல்லை, தொட்டுவிட்டுப் போகிறார். அந்தச் சொல் துள்ளுவது அதனால்தான். இரண்டு வருசம் கழித்துத் தேனிலவிலும் 'ஊரெங்கும் தேடினேன்' அவருக்கு. அதில் சின்ன வெட்கமும் கலந்திருக்கும். சுசீலாவின் குரல் பாகு, எந்தச் சொல்லையும் நனைத்துக் கொடுக்கும், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஜிக்கி சொல்லை நனைக்கவில்லை, அதன் விளிம்பு அப்படியே இருக்கிறது. இரண்டும் வேண்டும் மச்சாள். ஒன்று வந்ததும் மற்றதைப் பழசு என்று தள்ளியது எனக்கு அநியாயமாகத்தான் தெரிகிறது.

மறுகா வாய்ப்புக் குறைந்தது. வீட்டில் ஆறு பிள்ளைகள். ராஜாவுக்கும் பாட்டுகள் குறைந்து போன காலம். 1989இல் வள்ளியூர் ரயில் நிலையத்தில் நடந்த விபத்தில் ராஜா போய்ச் சேர்ந்தார், கச்சேரிக்குப் போகிற வழியில். நமக்கு அந்தச் செய்தி எப்போது தெரிந்தது என்பதே ஞாபகமில்லை, அப்போது இங்கே இருந்த நிலைமை உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாட்டுக் கேட்கிற மனநிலையில் யார் இருந்தார்கள்?

ஆனால் அதே 1989இல் இளையராஜா இசையில், மகன் வயதுள்ள மனோவோடு சேர்ந்து 'நினைத்தது யாரோ நீதானே' பாடியிருக்கிறார். இதை அப்போது நான் கேட்கவே இல்லை, இப்போதுதான் மருமகன் போட்டுக் காட்டினான். யார் பாடுகிறது என்று சொல்லாமல் போட்டான். முதல் வரியிலேயே எழுந்து இருந்துவிட்டேன். 1992இல் செந்தமிழ்ப் பாட்டில் 'வண்ண வண்ண சொல்லெடுத்து', விஸ்வநாதனும் இளையராஜாவும் சேர்ந்து இசையமைத்தது. குலேபகாவலியில் 1955இல் பாட வைத்த அதே விஸ்வநாதன். இடையில் முப்பத்தேழு வருசம், கணவர் இல்லை, வயசும் போய்விட்டது, ஆனாலும் அந்தக் குரல் தடிக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. ஞானசௌந்தரியில் கேட்ட பிள்ளையின் துணிவு அப்படியே இருக்கிறது. இந்தப் பாட்டோடு 1948ஆம் ஆண்டுப் பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க வேண்டியதில்லை.

2004 ஆவணியில் புற்றுநோயால் போனார். பேப்பரில் வந்த படத்தை வெட்டி ஒரு கொப்பிக்குள் வைத்திருந்தேன். மார்கழியில் கடல் வந்தது, கல்லடி வீட்டில் கொப்பி என்று எதுவும் மிஞ்சவில்லை. அண்ணன் உள்ளே செங்கலடிப் பக்கம் இருந்தபடியால் அவருடைய கசெட்டுகள் தப்பின.

சரி, பென் டிரைவில் இன்னொரு பிரதி போட்டு வைத்திருக்கிறேன். சித்தியின் மகன் தைப்பொங்கல் முடிந்து அங்கே வருகிறான், அவனிடம் கொடுத்து விடுகிறேன், கூடவே கொஞ்சம் முந்திரிப் பருப்பும். எருமைத் தயிர் கேட்டாயே, அது முடியாத காரியம், வந்து சாப்பிடு. முதலில் அனார்கலிப் பாட்டைக் கேள், பிறகு கடைசியில் இருக்கும் 1992ஆம் ஆண்டுப் பாட்டை. இடையில் உள்ளவற்றைப் பேத்தியோடு சேர்ந்து கேள், அவளுக்குப் பரதம் சொல்லிக் கொடுக்கிறவர் நல்லவர் என்று எழுதியிருந்தாய், போட்டிப் பாட்டு அவளுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

கேட்டுவிட்டு எழுது. சுசீலா கட்சியிலேயே நின்றாலும் பரவாயில்லை, காரணத்தோடு எழுது.

அன்புடன்,
உன் மச்சாள்
கல்லடி, மட்டக்களப்பு