வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: அமெரிக்க இலக்கியத்தோடு ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் எடுத்த முடிவு உங்களுக்கு நினைவிருக்கும். பாஸ்டனைச் சுற்றி இத்தனை காலமாகக் குடியிருக்கிறோம். மாதாமாதம் கூடித் தமிழ் நாவல்களைப் பேசுகிறோம். ஆனால் வேலைக்குப் போகிற வழியிலுள்ள ஊர்களில் எழுதப்பட்ட புத்தகங்களைச் சேர்ந்து உட்கார்ந்து படித்ததே இல்லை என்று மூத்த உறுப்பினர் ஒருவர் ஆதங்கப்பட்டார். ஓராண்டு முழுக்க அமெரிக்க இலக்கிய வரலாற்றைப் படிப்பது என்ற அவருடைய தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

எங்கிருந்து தொடங்குவது என்று முதல் கூட்டத்திலேயே விவாதம் வந்தது. மார்க் ட்வைனிலிருந்து தொடங்கலாம் என்றவர்களே அதிகம். இந்த மண்ணின் பழங்குடிகளுடைய கதைகளும் பாடல்களும் எல்லாவற்றுக்கும் முந்தியவை என்று சிலர் சொன்னது முற்றிலும் சரி. அதற்குத் தனியாக ஓர் ஆண்டு வேண்டும் என்பதால், இப்போதைக்கு அச்சேறிய ஆங்கில நூல்களோடு நின்றோம். 1630இல் கப்பலேறி மாசசூசெட்ஸ் வந்து, எட்டுப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே கவிதை எழுதிய ஆன் பிராட்ஸ்ட்ரீட்டை முதலில் எடுத்தோம். அவருடைய கையெழுத்துப் பிரதியைத் தங்கை கணவர் லண்டனுக்குக் கொண்டுபோனார். 1650இல் அது அங்கே புத்தகமானது.

அடுத்து ஃபிலிஸ் வீட்லி. ஏழெட்டு வயதுச் சிறுமியாக, 1761இல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பலில் இதே பாஸ்டன் துறைமுகத்தில் வந்திறங்கி விற்கப்பட்டவர். அந்தக் கப்பலின் பெயரையே அவருக்கு வைத்தார்கள். 1773இல் அவருடைய கவிதை நூல் லண்டனில் அச்சானபோது, இதை எழுதியது இந்தப் பெண்தான் என்று பாஸ்டன் பிரமுகர்கள் 18 பேர் கையெழுத்திட்ட சான்று நூலின் முன்பக்கத்தில் சேர்க்கப்பட்டது. அந்தச் சான்றை உறுப்பினர் ஒருவர் உரக்கப் படித்தார். முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வீட்லி தம் இரண்டாவது தொகுப்புக்குப் பதிப்பாளர் கிடைக்காமல், 1784இல் வறுமையில் இறந்தார்.

தொடக்க கால அமெரிக்க எழுத்தாளர்கள் ஏன் இவ்வளவு சிரமப்பட்டார்கள் என்பதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. 1891 வரை வெளிநாட்டு எழுத்தாளர்களுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமைப் பாதுகாப்பு கிடையாது. இங்கிலாந்து எழுத்தாளர் டிக்கன்ஸின் நாவலைக் காசு கொடுக்காமல் அச்சிட்டு மலிவாக விற்க முடியும்போது, உள்ளூர் எழுத்தாளருக்கு ராயல்டி கொடுத்துப் புத்தகம் போட எந்தப் பதிப்பாளர் முன்வருவார்? 1842இல் இங்கே வந்த டிக்கன்ஸ் இதைப் பற்றி மேடையிலேயே குறைபட்டார். அவருக்கு நஷ்டம்தான், ஆனால் இங்கிருந்த எழுத்தாளர்களின் நஷ்டம் அதைவிடப் பெரிது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படியிருந்தும் 1850 முதல் 1855 வரை வந்த நூல்களைப் பாருங்கள். ஹாதார்னின் ‘ஸ்கார்லெட் லெட்டர்’, மெல்விலின் ‘மோபி டிக்’, ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’, தோரோவின் ‘வால்டன்’, விட்மனின் ‘புல்லின் இதழ்கள்’. நமது ஆண்டின் பெரும்பகுதி இந்தச் சில வருடங்களிலேயே போனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

இவற்றில் ஸ்டோவின் நாவல் முதல் ஆண்டிலேயே மூன்று லட்சம் பிரதிகள் விற்றது. மற்றவர்களின் கதை வேறு. தோரோவின் முதல் புத்தகம் ஆயிரம் பிரதி அச்சாகி, 706 பிரதிகள் விற்காமல் வீட்டுக்கே திரும்பி வந்தன. தன் நூலகத்தில் ஏறக்குறைய தொள்ளாயிரம் புத்தகங்கள் இருப்பதாகவும், அவற்றில் எழுநூற்றுக்கு மேல் தானே எழுதியவை என்றும் அவர் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். விட்மன் 1855இல் தன் செலவில் 795 பிரதிகள் போட்டார். அட்டைக்கு அடுத்த பக்கத்தில் ஆசிரியர் பெயர் கூட இல்லை, சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு நிற்கும் ஒரு மனிதரின் படம்தான் இருந்தது. எதுகை, மோனை, தளை இல்லாமல் வசன நடை போலவே இருக்கும் பாட்டு என்று பாரதியார் விட்மனைப் பற்றித் தம் கட்டுரையில் எழுதியதை அன்றைய கூட்டத்தில் வாசித்தோம். பாரதியின் வசன கவிதைகளையும் அதே மாலையில் படித்தது, இந்த ஆண்டின் நல்ல கூட்டங்களில் ஒன்று.

‘மோபி டிக்’ லண்டனில் முதலில் வந்தபோது முடிவுரை விடுபட்டுப்போனது. கதை சொல்பவன் மட்டும் உயிர் பிழைத்த விவரம் அதில்தான் இருக்கிறது. கப்பலோடு எல்லோரும் மூழ்கிவிட்டால் கதையைச் சொல்வது யார் என்று விமர்சகர்கள் கேட்டதில் என்ன தப்பு? நாவல் எடுபடவில்லை. மெல்வில் பிற்காலத்தில் நியூயார்க் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக 19 ஆண்டுகள் வேலை பார்த்து, 1891இல் மறக்கப்பட்ட மனிதராக இறந்தார். 1919இல் அவருடைய நூற்றாண்டு வந்த பிறகுதான் மறுபடி தேடிப் படிக்க ஆரம்பித்தார்கள். பெட்டியில் கிடந்த அவருடைய ‘பில்லி பட்’ என்ற கதை 1924இல் அச்சேறியது.

இந்த ஆண்டில் எனக்குத் தெளிவான விஷயம் இதுதான்: இன்று அமெரிக்க இலக்கியத்தின் முதல் வரிசையில் இருக்கும் நூல்களில் பல, வெளிவந்த காலத்தில் கைவிடப்பட்டவை. பிற்காலத்தில் யாரோ ஒரு வாசகர் விடாப்பிடியாகத் தேடியதால்தான் நம் கைக்கு வந்திருக்கின்றன. நம்மைப் போன்ற சிறிய வட்டங்களுக்கு இதில் வேலை இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

எமிலி டிக்கின்சன் விஷயத்தில் அந்த வாசகர் அவருடைய தங்கை லவினியா. 1886இல் எமிலி இறந்த பிறகு, தாள்களை மடித்துத் தன் கையாலேயே நூலால் தைத்து வைத்த சிறு சிறு கட்டுகள் கிடைத்தன. சுமார் 1,800 கவிதைகளில் அவர் உயிரோடிருந்தபோது அச்சானவை பத்து அளவில்தான். 1890இல் முதல் தொகுப்பு வந்தபோது பதிப்பித்தவர்கள் தலைப்பு வைத்து, எதுகையைச் சரிசெய்து, சொற்களுக்கு இடையே அவர் போட்ட சிறு கோடுகளை எடுத்துவிட்டார்கள். அவர் எழுதியபடியே முழுத் தொகுப்பு வருவதற்கு 1955 ஆனது. ஆம்ஹெர்ஸ்ட் ஊரில் எமிலி வாழ்ந்த வீட்டுக்கு நாம் போனபோது எல்லோரும் அதிக நேரம் நின்றது அவருடைய அறையில்தான். ஒரு தாள் விரித்தால் நிறைந்துவிடும் சின்ன மேசை, ஜன்னலுக்கு வெளியே தெரு. கடித உறைகளின் உட்புறத்தில் கூட அவர் கவிதை எழுதியிருக்கிறார்.

ஹாரியட் ஜேக்கப்ஸின் நூலுக்கு இன்னும் நீண்ட காலம் பிடித்தது. அடிமைத்தனத்திலிருந்து தப்ப, பாட்டி வீட்டுப் பரணில், நிமிர்ந்து உட்கார முடியாத இடத்தில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தவர் அவர். 1861இல் புனைபெயரில் பாஸ்டனில் வெளிவந்த அவருடைய சுயசரிதையை வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் எழுதிய நாவல் என்றே வெகுகாலம் நினைத்தார்கள். ஜீன் ஃபேகன் யெல்லின் என்ற ஆய்வாளர் கடிதங்களைத் தேடி எடுத்து 1980களில் உண்மையை நிறுவினார். ஜேக்கப்ஸின் கல்லறை கேம்பிரிட்ஜில், மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. அடுத்த ஆண்டு கட்டாயம் போக வேண்டும்.

பாஸ்டனுக்கு அருகிலுள்ள கான்கார்ட் ஊருக்குப் போன பயணத்தைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டதால் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். அங்குள்ள கல்லறைத் தோட்டத்தின் எழுத்தாளர் மேட்டில் எமர்சன், ஹாதார்ன், லூயிசா மே ஆல்காட், தோரோ எல்லோரும் அருகருகே அடக்கமாகியிருக்கிறார்கள். தோரோவின் கல் முழங்கால் உயரம் கூட இல்லை. ஹென்றி என்ற பெயர் மட்டும். வருகிறவர்கள் பென்சில் வைத்துவிட்டுப் போகிறார்கள், ஏனென்றால் அவருடைய குடும்பத் தொழில் பென்சில் செய்வது. இன்னொன்று, வால்டன் குளத்தின் கரையில் நின்று படித்த பகுதி. குளிர்காலத்தில் அந்தக் குளத்துப் பனிக்கட்டியை அறுத்து எடுப்பதைப் பார்த்த தோரோ, மெட்ராஸிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுகிறவர்கள் தன் கிணற்றில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று எழுதுகிறார். காலையில் தான் கீதையைப் படிப்பதையும் அங்கேயே சொல்கிறார். மாசசூசெட்ஸ் பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமித்த கட்டடம்தான் மெரினாவை ஒட்டிய ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். திருவல்லிக்கேணியில் வளர்ந்த நம் பொருளாளருக்கு அன்று பேச்சே எழவில்லை.

அதே கான்கார்டின் பொது நூலகக் குழு 1885இல் மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலை விலக்கி வைத்தது. இதனால் இன்னும் 25,000 பிரதி விற்கும் என்று ட்வைன் எழுதினார்.

இருபதாம் நூற்றாண்டை அவசரமாகத்தான் பார்த்தோம். ஹெமிங்வே, ஃபாக்னர், ஸ்டைன்பெக் ஆகியோருக்கு ஆளுக்கொரு கூட்டம். ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘கிரேட் கேட்ஸ்பி’ இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களுக்கு இலவசமாகக் கொடுத்த பதிப்பினால் புதிய வாசகர்களைப் பெற்றது என்பது பலருக்குப் புதிய செய்தி. நாவலாசிரியர் ஜோரா நீல் ஹர்ஸ்டனுக்குத்தான் கூடுதல் நேரம் தந்திருக்க வேண்டும். 1960இல் இறந்து ஃப்ளோரிடாவில் பெயரில்லாக் குழியில் கிடந்தவரைத் தேடிப்போய், முட்புதருக்குள் இறங்கி, 1973இல் கல் நாட்டியவர் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர். டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ கடைசிக் கூட்டத்தில் முடியாமல் வரும் ஆண்டுக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

அப்புறம், நிர்வாக விஷயங்கள். அறை தந்த ஊர் நூலகத்துக்கும், ஒரே புத்தகத்தின் பல பிரதிகளை வேறு நூலகங்களிலிருந்து வரவழைத்துத் தந்த ஊழியர்களுக்கும் நம் நன்றி. பனிப்புயல் நாட்களில் கூட்டத்தை ஜூமுக்கு மாற்றியதில் வருகை குறையவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை: பழங்குடி எழுத்தாளர்களில் தொடங்கி, 1969இல் புலிட்சர் பரிசு பெற்ற ஸ்காட் மோமடேயின் நாவலை முதலில் படிப்பது, டிக்கின்சன் கவிதைகளைச் சேர்ந்து தமிழில் பெயர்த்துப் பார்ப்பது, ஜேக்கப்ஸின் கல்லறைக்குப் போவது. மொழிபெயர்ப்பில் சேர விரும்புகிறவர்கள் இன்றே என்னிடம் பெயர் கொடுங்கள். அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்