எழுதியவர்களின் குரலைப் பதிந்துவைக்க உங்கள் உதவி தேவை

அன்புடையீர்,

வணக்கம். புத்தகம் வெளியிட்ட எழுத்தாளர்களைத் தேடிப் போய், அவர்கள் எழுத வந்த கதையை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து சேர்த்து வருகிறோம். பெரிய விருது வாங்கியவர், ஒரே ஒரு கவிதைத் தொகுப்போடு நின்றுவிட்டவர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. இதுவரை எங்கள் கைக்காசைப் போட்டே சமாளித்தோம். இனி அப்படி ஓட்ட முடியாது என்பதால் உங்களிடம் வந்திருக்கிறோம்.

இதற்கெல்லாம் என்ன அவசியம், புத்தகம்தான் இருக்கிறதே என்று கேட்பவர்களிடம் நாங்கள் இரண்டு பேரைப் பற்றிச் சொல்வோம்.

முதலாமவர் ஜெர்மன் மொழியில் கதைகள் எழுதிய காஃப்கா. பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. பகலில் அலுவலகம், இரவில் எழுத்து. 1912 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு பத்து மணிக்கு எழுத உட்கார்ந்தவர், மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு முழுக் கதையை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். கால்கள் மரத்துப்போய், மேசைக்கு அடியிலிருந்து அவற்றை இழுப்பதே பெரும் பாடாகிவிட்டது. நூறு ஆண்டுக்கு முந்தைய அந்த இரவு நமக்கு எப்படித் தெரியும்? அவர் நாட்குறிப்பு எழுதினார். எரித்துவிடச் சொன்ன தாள்களை நண்பர் மாக்ஸ் பிராட் எரிக்காமல் காப்பாற்றினார். அவ்வளவுதான்.

இன்னொருவர் அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன். 1886இல் அவர் இறந்த பிறகு, தங்கை லவினியா அவர் அறையில் கையால் தைத்த சிறு ஏடுகளைக் கண்டெடுத்தார். 40 ஏடுகள். டிக்கின்சன் எழுதிய கவிதைகள் மொத்தம் ஏறத்தாழ 1,800. உயிரோடு இருந்தபோது அச்சில் வந்தவை பத்துச் சொச்சம்தான். அந்த ஏடுகளை ஏன் தைத்தார், எந்தக் கணக்கில் கவிதைகளை வரிசைப்படுத்தினார், யாராவது படிக்கட்டும் என்று நினைத்தாரா? ஆய்வாளர்கள் இன்றைக்கும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, பதிலை எழுதிவைத்தவர் யாரும் இல்லை.

இந்த இரண்டாவது நிலைமை இன்னும் ஒருவருக்கு வரக் கூடாது என்பதுதான் எங்கள் முயற்சி.

எழுத்துக்கு வரும் பாதைகளைப் பார்த்தால் ஒன்றுபோல் இன்னொன்று இருப்பதில்லை. ரஷ்ய எழுத்தாளர் செகாவ் மருத்துவர். எகிப்திய நாவலாசிரியர் மஹ்ஃபூஸ் ஓய்வு பெறும்வரை அரசு ஊழியர். கரோலினா மரியா தெ ஜெசுஸ் பிரேசிலில் சாவோ பாவ்லோ நகரின் குடிசைப் பகுதியில் பழைய காகிதம் பொறுக்கிப் பிழைத்தவர். பொறுக்கிய காகிதத்திலேயே நாட்குறிப்பு எழுதினார், 1960இல் அது புத்தகமானது. கென்யாவின் கூகி வா தியாங்கோ சிறையில் கழிப்பறைத் தாளில் நாவல் எழுதினார். ஆங்கில எழுத்தாளர் பெனலோப்பி ஃபிட்ஸ்ஜெரால்டின் முதல் புத்தகம் வந்தபோது அவருக்கு வயது 58. நம் கி. ரா. விவசாயி, பள்ளிப் படிப்பை முடிக்காதவர், பின்னாளில் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியர்.

போர்ச்சுகல் நாவலாசிரியர் சரமாகோவின் கதையை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்லத் தோன்றுகிறது. 1947இல் முதல் நாவல் வந்தது. அடுத்த நாவலை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினார், பதிலே இல்லை. அடுத்த புத்தகம் வர 1966 ஆயிற்று. நோபல் பரிசு 1998இல். பல ஆண்டு கழித்து அதே பதிப்பகம் அந்தப் பழைய கைப்பிரதியை வெளியிடக் கேட்டபோது, அவர் மறுத்துவிட்டார். அவர் காலத்துக்குப் பிறகுதான் அது அச்சேறியது. நடுவில் கிடந்த அந்த 19 ஆண்டு மௌனத்தைப் பற்றி உலகுக்குத் தெரிகிறது என்றால், பரிசு பெற்றவரிடம் எல்லோரும் கேட்டார்கள், அவரும் சொன்னார். பரிசு பெறாதவர்களுக்கும் இப்படி மௌனங்கள் உண்டு. அவர்களிடம் யார் போய்க் கேட்கிறார்கள்?

எழுத்தாளரிடம் அவர் எழுதும் முறையைப் பற்றி விரிவாகக் கேட்டு வெளியிடும் வேலையை 'பாரிஸ் ரிவ்யூ' என்ற ஆங்கில இலக்கிய இதழ் 1953லிருந்து செய்கிறது. எங்களுக்கு அது ஒரு முன்மாதிரி. ஆனால் நாங்கள் போவது பெரும்பாலும் பேட்டி கேட்டு யாரும் வராத வீடுகளுக்கு.

"ஏன் எழுதுகிறீர்கள்?" என்று தொடங்க மாட்டோம். அந்தக் கேள்விக்குப் பலரும் தயார் செய்த பதிலையே சொல்கிறார்கள். எங்கே உட்கார்ந்து எழுதினீர்கள், அப்போது வீட்டில் யார் தூங்கிக்கொண்டிருந்தார்கள், முதலில் யார் படித்தது, எழுதியதில் எதை அடித்துவிட்டீர்கள், திரும்பி வந்த கைப்பிரதியை என்ன செய்தீர்கள் என்று கேட்போம். ஒருவரோடு குறைந்தது மூன்று அமர்வுகள். முதல் அமர்வில் கொஞ்சம் தயக்கம் இருக்கும். இரண்டாவதில் பெட்டியைத் திறந்து பழைய நோட்டுகளை எடுத்துக் காட்டுவார்கள். அப்புறம்தான் உண்மையான பேச்சே தொடங்கும்.

ஒருமுறை ஓர் எழுத்தாளரோடு இரண்டாம் அமர்வுக்கு நாள் குறித்துவிட்டு, பணம் புரளாததால் தள்ளிப்போட்டோம். நாங்கள் போவதற்குள் அவர் போய்விட்டார். ஒரு நாவல் மட்டும் எழுதியவர். "அடுத்த நாவலை ஏன் பாதியில் நிறுத்தினேன் என்று அடுத்த முறை சொல்கிறேன்" என்று அவர் சொல்வதோடு அந்தப் பதிவு முடிகிறது. அதைத் திரும்பக் கேட்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. இந்த வேண்டுகோளை எழுத முடிவு செய்ததும் அதனால்தான்.

பணம் எதற்கு என்று சொல்லிவிடுகிறோம். பெரும் பங்கு எழுத்தாக்கத்துக்குப் போகிறது. ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுதி, சரிபார்த்து முடிக்க ஐந்தாறு மணி நேரமாவது ஆகும். வட்டார வழக்கில் பேசுபவர் என்றால் இன்னும் கூடும். இதைச் செய்யும் இளைஞர்களை இலவசமாக உழைக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அடுத்தது சேமிப்பு. தரம் குறையாத ஒலிக்கோப்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதிகள் வைக்கிறோம், அதில் ஒன்று வேறு ஊரில். பிறகு, எழுத்தாளர்களே வைத்திருக்கும் பழைய கேசட்டுகள். காந்த நாடா ஈரத்தில் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், ஓட்டிப் பார்க்கும் கருவிகளும் அருகிவிட்டன. இவற்றை முதலில் மாற்றியாக வேண்டும். இவை போக, பயணச் செலவும் பேசுபவருக்கு ஒரு சிறு மதிப்பூதியமும் உண்டு.

யாரைப் பதிவு செய்வது என்பதில் நன்கொடையாளர்கள் தலையிட முடியாது. இதைக் கண்டிப்பாகவே வைத்திருக்கிறோம். தன் பேச்சில் எந்தப் பகுதியை எப்போது வெளியிடலாம் என்பதை எழுத்தாளரே முடிவு செய்வார்; எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே எதையும் வெளியே விடுவோம். வெளிவருபவை எல்லோருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கும்.

உங்களால் முடிந்த எந்தத் தொகையும் எங்களுக்கு உதவும். ஒரு மணி நேரப் பதிவின் எழுத்தாக்கச் செலவை ஏற்கலாம், அல்லது ஒரு எழுத்தாளரின் மூன்று அமர்வுகளையும் முழுதாக ஏற்கலாம். விரும்பினால் உங்கள் பெயரைப் பதிவின் முகப்பில் சேர்ப்போம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவுசெலவுக் கணக்கு நன்கொடையாளர் அனைவருக்கும் வரும். பணமாகத் தர இயலாதவர்கள் நல்ல ஒலிப்பதிவுக் கருவியோ, ஓடுகிற நிலையில் உள்ள கேசட் பிளேயரோ தரலாம். தட்டச்சு தெரிந்தவர்கள் வாரம் இரண்டு மணி நேரம் கொடுத்தாலும் போதும்.

உங்களுக்குத் தெரிந்த எழுத்தாளர் யாராவது வயதாகி, வெளியே வராமல் வீட்டோடு இருக்கிறார் என்றால் அதையும் சொல்லுங்கள். பட்டியலில் அவரை முன்னால் வைக்கிறோம். இந்தக் கடிதத்தை உங்களிடம் சேர்த்த குழு உறுப்பினரிடமே நன்கொடையைக் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளலாம். அடுத்த சுற்றில் பதினொரு பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர்களில் நால்வர் எண்பதைத் தாண்டியவர்கள்.

அன்புடன்,
பதிவுக் குழுவினர்