அப்பாவின் கழுத்தைப் பார்க்கச் சொன்னவர்களுக்கு

எங்கள் தெருக்காரர்களுக்கும் கடைவீதிக்கும் ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் வணக்கம்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது துணை நின்ற உங்களுக்கு வீடு வீடாக வந்து நன்றி சொல்லும் நிலையில் அம்மா இப்போது இல்லை. அதனால் இந்த மடல்.

முதல் நன்றி டீக்கடை அண்ணனுக்கு. கையிலிருந்து கிளாஸ் நழுவியதும் அப்பாவின் வாய் கோணுவதைக் கவனித்து, மணியைக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிட்டவர் அவர்தான். 'சோடா குடுப்பா' என்று பலர் சொல்லியும் கொடுக்கவில்லை. விழுங்க முடியாத நேரத்தில் அது நுரையீரலுக்குள் போயிருக்கும். புறா ரத்தம் தடவச் சொன்ன பெரியவர்களுக்கும் அந்த அக்கறைக்காக நன்றி. புறாக்கள் சௌக்கியம்.

தலை ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை, அடைப்புதான் என்றார்கள். மறுநாளே வலது கை தூக்க வந்தது, பேச்சும் தெளிந்தது. எல்லோருக்கும் வீட்டு நினைப்பு வந்துவிட்டது. வார்டில் இருந்த இளம் டாக்டரம்மா மட்டும் விடவில்லை. "ஐயா, இதுக்கு முன்னாடி கண்ணு எப்பவாவது இருட்டுச்சா?" என்று கேட்டார். சில வாரங்களுக்கு முன் இடது கண்ணில் திரை இறங்கியதுபோல் இருட்டி, கொஞ்ச நேரத்தில் சரியானதாக அப்பா சொன்னார். அம்மாவுக்கே அது புதுச் செய்தி. அன்றைக்கே கழுத்துக்கு, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது கழுத்துத் தமனியில் கொழுப்பு படிந்து முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது. அங்கிருந்து பெயர்ந்த துணுக்குதான் மூளைக்குப் போயிருக்கிறது. அதற்கு முன்பே ஒன்று கண்ணுக்கும் போயிருக்கிறது.

கழுத்தில் ஆபரேஷன் செய்து அந்தக் கொழுப்பை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். கை சரியான பிறகு கழுத்தை ஏன் கிழிக்க வேண்டும் என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. சர்ஜன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பதில் சொன்னார்: சரியானதால்தான் அவசரம், அடுத்தது பெரிதாக வரலாம், இரண்டு வாரத்துக்குள் செய்தால் பலன் அதிகம். ஆபரேஷனிலேயே பக்கவாதம் வரக்கூடும் என்பதையும் மறைக்கவில்லை. ஹென்றி பார்னெட் தலைமையில் கனடாவிலும் அமெரிக்காவிலும் நடந்து 1991-இல் வெளியான ஆய்வின் கணக்கையும் சொன்னார். அப்பாவைப்போல் கடுமையான அடைப்புள்ளவர்கள் மாத்திரையோடு மட்டும் இருந்தால், இரண்டு வருடத்துக்குள் 100-க்கு 26 பேருக்கு அதே பக்கம் மறுபடி பக்கவாதம். ஆபரேஷனும் செய்துகொண்டால் 9 பேருக்கு. அந்த ஆய்வில் இருந்த நோயாளிகள் 659 பேர். கத்தியா மாத்திரையா என்பதைக் குலுக்கலுக்கு விட்டுக்கொடுத்த அவர்கள் முகம் எங்களுக்குத் தெரியாது. அவர்களுக்கும் எங்கள் கும்பிடு.

கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்துதான் ஆபரேஷன். தமனியை அடைத்துப் பிடித்திருந்த நேரமெல்லாம் அப்பாவின் வலது கையில் ஒரு கீச்சுப் பொம்மை. "அமுக்குங்க ஐயா" என்று சொன்னபோதெல்லாம் அது கீச்சிட்டால் மூளைக்கு ரத்தம் போகிறது என்று அர்த்தமாம். அலுக்காமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்த மயக்க மருந்து டாக்டருக்கு நன்றி. அன்று இரவு முழுக்க பிரஷர் ஏறாமல் பார்த்துக்கொண்ட சிஸ்டர்களுக்கும்.

தையலைச் சுற்றித் தோல் இன்னும் மரத்தே இருக்கிறது. ஆஸ்பிரின் எடுப்பதால் சின்ன வெட்டுக்கும் ரத்தம் நிற்க நேரமாகும். அதனால் வீட்டுக்கே வந்து பொறுமையாகச் சவரம் செய்துவிடும் சலூன் தம்பிக்குத் தனி நன்றி. காசு வாங்க மாட்டேன் என்கிறார், அதுதான் சங்கடம்.

அப்பா மாலையில் மட்டும் கடை திறக்கிறார். பார்க்க வாருங்கள், பேசுங்கள். பழைய பழக்கத்தில் பீடி மட்டும் நீட்டாதீர்கள்.

அன்புடன்,
தையல் கடை வீட்டார்