ஒரே கலீஃபா இருந்த காலம் எது?

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் குரல் பதிவைக் கேட்டேன். கிலாஃபத், அதாவது முஸ்லிம்களுக்கெல்லாம் தலைவரான கலீஃபாவின் ஆட்சி, இருந்தவரை நாமெல்லாம் ஒன்றாக இருந்தோம், அறிவிலும் உயர்ந்து நின்றோம், 1924-இல் அது போனதும் எல்லாம் போய்விட்டது என்று உன் அறைக் கூட்டாளி சொன்னதாகவும், அவனுக்கு என்ன பதில் சொல்வதென்று உனக்குத் தெரியவில்லை என்றும் சொல்லியிருந்தாய். போனில் பேசித் தீர்க்கிற விஷயமில்லை இது. பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவள் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில், அந்தப் பையனிடம் கோபப்படாதே. மதிப்பில்லாமல் நடத்தப்படுகிறவனுக்குப் பழைய பெருமை மேல் ஏக்கம் வருவது இயல்புதான். ஆனால் அந்த ஏக்கத்துக்காக நடந்ததை மாற்றிச் சொல்ல முடியாது.

நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தான (இறந்த) 632-ஆம் வருடமே, அடுத்த தலைவர் யார் என்று மதீனாவாசிகளான அன்ஸாரிகளும் மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களும் மதீனாவில் ஸகீஃபா என்ற கூடத்தில் கூடி வாதாடித்தான் அபூபக்கர் (ரலி) அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்குப் பின் வந்த மூன்று கலீஃபாக்களும் கொல்லப்பட்டார்கள்: உமர் (ரலி) 644-இல், உஸ்மான் (ரலி) 656-இல், அலீ (ரலி) 661-இல். அலீ (ரலி) காலத்தில் நடந்த ஜமல், ஸிஃப்பீன் உள்நாட்டுப் போர்களில் நபித்தோழர்களான ஸஹாபாக்களே எதிரெதிர் அணியில் நின்றார்கள். அவர்களைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கே ஆட்சி என்பது அவ்வளவு கடினமாக இருந்தது என்பதை நீ மறக்கக்கூடாது.

அடுத்து ஆண்ட உமையா வம்சத்தின் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டமாஸ்கஸில் அரசு உட்கார்ந்த பிறகும் வரிக்கணக்கைப் பல வருடங்கள் கிரேக்கத்திலும் பழைய பாரசீக மொழியான பஹ்லவியிலும்தான் எழுதினார்கள். அதை அரபிக்கு மாற்றியவர் கலீஃபா அப்துல் மலிக். ஹிஜ்ரி 77-இல் அவர் அடித்த தீனார் என்ற தங்கக் காசில் அரசர் உருவம் கிடையாது, இரண்டு பக்கமும் வெறும் எழுத்துதான். கலிமாவும், இக்லாஸ் சூராவின் வாசகமும், அடித்த வருடமும் இருக்கும். நாலேகால் கிராம் தங்கம். தோஹாவில்தானே இருக்கிறாய், அங்குள்ள இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்கு ஒரு லீவு நாளில் போய், அந்தக் காலத்துக் காசு ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று பார்.

750-இல் அப்பாஸியர்கள் என்ற வேறொரு வம்சம் ஆட்சியைப் பிடித்தது. அவர்களிடமிருந்து தப்பி ஓடிய உமையா இளவரசர் அப்துர் ரஹ்மான் 756-இல் ஸ்பெயினில் உள்ள குர்துபாவில் (கோர்டோபா) தனி அரசு அமைத்துவிட்டார். அதாவது அப்பாஸியர்களின் தலைநகரான பாக்தாத் கட்டப்படுவதற்கு முன்பே, ஒரே அரசு என்ற நிலை முடிந்துபோயிற்று.

சரி, அறிவுக்கு வருவோம். உன் கூட்டாளி அப்பாஸியக் கலீஃபா மஃமூன் பெயரைச் சொல்லாமல் இருந்திருக்க மாட்டான். கிரேக்க நூல்களை அரபியில் மொழிபெயர்க்க அவர் கொடுத்த ஆதரவு நிஜம், பெரியது. ஆனால் அந்த வேலையைச் செய்தவர்கள் யார் என்று பார். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஈராக்கின் ஹீராவிலிருந்து வந்த கிறிஸ்தவர். கிரேக்க மருத்துவர் காலன் எழுதிய நூல்களை வரிசைப்படுத்தி, எதை யார் மொழிபெயர்த்தார், எந்தப் பிரதி பழுதாக இருந்தது என்று அவரே குறித்து வைத்திருக்கிறார். பல பிரதிகளை ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே மொழிபெயர்க்க உட்காருவாராம். காலனின் தர்க்க நூல் ஒன்றைத் தேடி ஈராக், ஷாம் (சிரியா), ஃபலஸ்தீன், மிஸ்ர் (எகிப்து) என்று சுற்றி அலெக்ஸாண்ட்ரியா வரை போயிருக்கிறார். கடைசியில் டமாஸ்கஸில் ஏறக்குறையப் பாதிதான் கிடைத்தது. அவருக்குக் காசு கொடுத்தவர்கள் கலீஃபாக்கள் மட்டுமல்ல. மூஸாவின் பிள்ளைகளான மூன்று சகோதரர்கள், மருத்துவர்கள், அதிகாரிகள் என்று ஊரே கொடுத்தது. இந்த ஒரு மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கும்.

அதே மஃமூன்தான் 833-இல் நீதிபதிகளான காழிகளையும் மார்க்க அறிஞர்களான ஆலிம்களையும் கூப்பிட்டு, குர்ஆன் என்றென்றும் இருந்ததல்ல, படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ளும்படி விசாரணை வைத்தார். பலர் பயந்து தலையாட்டினார்கள். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) மறுத்துவிட்டார்கள். விலங்கு பூட்டி மஃமூனிடம் அனுப்பினார்கள். போய்ச் சேருமுன் மஃமூன் இறந்துபோக, அடுத்து வந்த முஃதஸிம் இமாமைச் சிறையில் வைத்துச் சாட்டையால் அடித்தார். கடைசியில் முதவக்கில் என்ற கலீஃபாவின் காலத்தில் அந்த விசாரணையே கைவிடப்பட்டது. மார்க்கத்தில் எது சரி என்று கலீஃபா ஆணை போட்டு முடிவு செய்ய முடியாது என்பது அன்றைக்கு அடிபட்ட ஒரு ஆலிமால் உறுதியானது. கிலாஃபத்தின் வரலாற்றில் நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான்.

அப்புறம் கதை மளமளவென்று சரிகிறது. முதவக்கிலை 861-இல் அவருடைய துருக்கிக் காவலர்களே கொன்றார்கள். ஃபாத்திமியர் என்ற ஷியா வம்சத்தார் 909-இல் வட ஆப்பிரிக்காவில் தங்களுக்கென்று ஒரு கலீஃபாவை அறிவித்தார்கள். 929-இல் குர்துபாவிலும் ஒருவர் கலீஃபா ஆனார். ஒரே நேரத்தில் மூன்று கலீஃபாக்கள்! 945-இல் புவைஹிகள் என்ற ஷியாப் படைத்தலைவர்கள் பாக்தாதைப் பிடித்தார்கள். கலீஃபாவை நீக்கிவிட்டு வேறொருவரை அமர்த்தினார்கள். அதன் பிறகு ஜும்ஆ உரையான குத்பாவில் கலீஃபாவின் பெயர் சொல்லப்படும், ஆனால் ஆட்சி புவைஹிகள் கையில்.

இப்போது கவனி. நாம் பெருமையாகச் சொல்கிற பெரும்பாலானவை இதற்குப் பிறகு நடந்தவை. பாக்தாத் புத்தக வியாபாரி இப்னு நதீம் தன் காலம் வரை அரபியில் வந்த நூல்களையெல்லாம் பட்டியலிட்டு ஃபிஹ்ரிஸ்த் எழுதியது 987-இல். பாக்தாதில் அழுதீ என்ற பெரிய மருத்துவமனையைக் கட்டியது கலீஃபா அல்ல, புவைஹி அமீர். இப்னு ஸீனா ஈரானின் ஹமதானில் ஒரு சிற்றரசரின் வஸீராக (அமைச்சராக) வேலை பார்த்துக்கொண்டே அல்கானூன் என்ற மருத்துவ நூலை எழுதிவந்தார். ஒளியைப் பற்றி இப்னு ஹைஸம் ஆராய்ந்தது கெய்ரோவில், பாக்தாத் கலீஃபாவுக்கு எதிரியான ஃபாத்திமியர் ஆட்சியில். அறுவை சிகிச்சைக் கருவிகளைப் படம் போட்டு விளக்கிய ஸஹ்ராவி குர்துபாக்காரர். அரசு பல துண்டானதால் ஆதரிக்கும் கைகளும் பலவாயின. ஓரிடத்தில் இடம் கிடைக்காதவர் வேறு ஊருக்குப் போனார். ஒற்றுமை இருந்ததால்தான் அறிவு வளர்ந்தது என்ற கணக்கு இங்கேயே உடைந்துவிடுகிறது.

ஆனாலும் கலீஃபா என்ற பெயருக்கு இருந்த மதிப்பு போகவில்லை. 1258-இல் மங்கோலியத் தலைவன் ஹுலாகு பாக்தாதை அழித்துக் கலீஃபாவைக் கொன்றதும், மூன்றே வருடத்தில் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் பைபர்ஸ் கெய்ரோவில் ஒரு அப்பாஸியரை அமர்த்தினார். டெல்லியில் சுல்தான் முஹம்மது பின் துக்ளக் தன் பெயரை எடுத்துவிட்டு, கெய்ரோ கலீஃபா முஸ்தக்ஃபி பெயரைக் காசில் போட்டார். அந்தக் கலீஃபா 1340-இலேயே இறந்திருந்தார். டெல்லியில் அதற்குப் பிறகும் அவர் பெயரில்தான் காசு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கலீஃபா பட்டத்தை வைத்திருந்த துருக்கியின் உஸ்மானியர் கதை உனக்குத் தெரியும். 1924 மார்ச் 3-இல் அங்காரா நாடாளுமன்றம் கிலாஃபத்தை நீக்கியது. கடைசிக் கலீஃபா அப்துல் மஜீத் நல்ல ஓவியர், இசை தெரிந்தவர். விடிவதற்குள் குடும்பத்தோடு இஸ்தான்புல்லை விட்டு வெளியேற்றினார்கள். 1920-இல் காந்தியும் ஷௌக்கத் அலியும் சென்னைக் கடற்கரையில் அவ்வளவு பெரிய கூட்டத்தின் முன் பேசியது இந்தக் கிலாஃபத்துக்காகவும்தான். அன்று அங்கே கூடியவர்களின் உணர்வு நிஜம், அதை நான் மதிக்கிறேன். ஆனால் புதிய கலீஃபாவை யோசிக்க 1926-இல் கெய்ரோவில் மாநாடு கூடியபோது, ஒரு பெயரிலும் உடன்பாடு வரவில்லை.

இதையெல்லாம் உன் கூட்டாளி தலையில் ஒரே நாளில் கொட்டாதே. சாப்பிட்டு முடித்து ஆற அமர உட்கார்ந்திருக்கும்போது ஒன்று மட்டும் கேள்: 833-இல் நீ பாக்தாதில் இருந்திருந்தால், கலீஃபா பக்கம் நின்றிருப்பாயா, இமாம் அஹ்மத் பக்கம் நின்றிருப்பாயா? அவன் என்ன சொன்னான் என்று எனக்குச் சொல்லு.

துஆவுடன்,
உம்மா