தஞ்சாவூர் ஓவியமும் கண்ணாடிச் சட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் வீட்டுத் தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புதுச் சட்டம் போட்டவர் கண்ணாடியை ஓவியத்தின் மேலேயே படிய வைத்துவிட்டதால், இரண்டே மழைக்காலத்தில் உட்புறம் வியர்த்து, வெண்ணெய்க் கிருஷ்ணரின் கன்னத்து வண்ணம் கண்ணாடியோடு உரிந்து வந்துவிட்டது. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்து மேடாக்கி, அதன்மேல் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) பதிக்கும் இவ்வகை ஓவியத்துக்கு ஈரம்தான் முதல் பகை. பசையைத் தேடிப் பூச்சியும் வரும். கண்ணாடிக்கும் ஓவியத்துக்கும் இடையே கால் அங்குலமாவது இருக்கும்படி ஓரங்களில் மெல்லிய மரத்துண்டுகள் கொடுத்து, பின்புறம் சுவரில் படியாமல் சிறு கட்டைகள் வைத்து மாட்டுவதற்குப் பெரிய செலவில்லை. வெயில் நேரடியாக விழும் சுவர் கூடாது. (பூஜை அறைப் புகையைப் பற்றிச் சொன்னால் வீட்டில் சண்டைதான்.) ஓவியம் விற்போர் இக்குறிப்புகளைத் தமிழில் அச்சிட்டு உடன் வழங்க அரசு ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்