நட்டம் யார் தலையில் என்பதையும் பாடமாக வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தர்மபுரியில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகத் தகவல் பாதுகாப்புப் பாடம் நடத்துகிறேன். சைபர் மோசடி பற்றி நீங்கள் அடிக்கடி செய்தி போடுகிறீர்கள், அதில் எங்கள் பக்கத்துக் குறை ஒன்றையும் சொல்ல வேண்டும்.

என் மாணவர் ஒருவர், பென்னாகரம் பக்கம், ஆர்எஸ்ஏ என்ற ரகசியக் குறியீட்டு முறையின் கணக்கைப் போர்டில் தப்பில்லாமல் போடுபவர். போன மாதம் அம்மாவின் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டபோது, நூறு நாள் வேலைக் கூலியில் சேர்த்து வைத்த 8,000 ரூபாய் போயிருந்தது. "ஓடிபிய யாருக்காவது சொல்லியிருப்பீங்க" என்று கவுன்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன், அந்த வரியில் ஏஇபிஎஸ் என்று மங்கலாக அச்சாகியிருந்தது. ஆதார் எண்ணும் விரல் ரேகையும் வைத்துப் பணம் எடுக்கும் முறை அது, அதற்கு ஓடிபியே கிடையாது. பின் நம்பர் வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம், ரேகையை எங்கே போய் மாற்றுவது? ஆதாரில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம், பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்யலாம் என்பது அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. நாங்கள் நடத்தியிருந்தால்தானே தெரியும்.

கணிதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பூட்டு எவ்வளவு கெட்டி என்று நடத்துகிறோம், திருட்டுப் போனால் நட்டம் யாருக்கு என்பதை விட்டுவிடுகிறோம். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சன் 2001லேயே இதை எழுதினார்: ஏடிஎம் தகராறு வந்தால் அமெரிக்காவில் வங்கிதான் நிரூபிக்க வேண்டும், பிரிட்டனில் வாடிக்கையாளர் தலையில் கட்டினார்கள், கடைசியில் வங்கிகளின் அசட்டையும் மோசடியும் கூடியது பிரிட்டனில்தான். நம் ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையும், தப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பை வங்கியிடமே வைத்தது. வெளியாள் செய்த மோசடி, வங்கி மேலும் நம் மேலும் தப்பில்லை என்றால், பணம் போனதாக வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தவருக்கு நட்டமே இல்லை என்றும் அதில் இருக்கிறது. இதை வகுப்பில் வாசித்துக் காட்டியபோது யாரும் போனைத் தொடவில்லை. முக்கால்வாசிப் பேர் வீட்டில் ஏதோ ஒரு கதை இருக்கிறது.

காரிமங்கலம் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் மாடு வாங்குவதில்லை. செயலியின் பாதுகாப்பை அப்படிப் பார்த்து வாங்க நமக்கு வழியில்லை. தரம் கண்ணுக்குத் தெரியாத சந்தையில் நல்ல சரக்குக்கு விலை கிடைக்காது என்று பொருளாதார அறிஞர் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார்களை வைத்துச் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது. அதோடு, எல்லோரும் வைத்திருக்கிற செயலிக்குத்தான் நாமும் போகிறோம், அதனால் கம்பெனிகளும் முதலில் கூட்டம் சேர்க்கவே ஓடுகின்றன, பாதுகாப்பு அப்புறம்தான். இது பொருளாதாரம், வணிகவியல் துறையினர் எங்களோடு சேர்ந்து நடத்த வேண்டியது.

பாடத்திட்டம் போடுகிறவர்கள் இதற்கு ஒரு அலகாவது ஒதுக்க வேண்டும். தனியுரிமை அடிப்படை உரிமை என்ற உச்ச நீதிமன்றத்தின் 2017 ஆகஸ்ட் தீர்ப்பும், 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதிலேயே வரட்டும்.

அந்த மாணவர் சுற்றறிக்கையைப் பிரிண்ட் எடுத்து, எழுத்துப்பூர்வமான புகாரோடு மறுபடி வங்கிக்குப் போயிருக்கிறார். நீங்கள் அந்தச் சுற்றறிக்கையின் சாரத்தைத் தமிழில் ஒரு நாள் வெளியிட்டால், வெட்டி எங்கள் துறை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு கௌரவ விரிவுரையாளர்,
தர்மபுரி