நாணயத்தில் எழுத்து தானாக வந்துவிடுவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் நினைவு நாணயங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். உருவம் வரைந்த ஓவியரை மனமாரப் பாராட்டிய கட்டுரையாளர், எழுத்துகளைக் கணினியிலிருந்து எடுத்து ஓரத்தில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று எழுதிவிட்டார். நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் முப்பத்தெட்டு ஆண்டுகளாகப் பித்தளை, வெள்ளிப் பாத்திரங்களில் சிற்றுளியால் பெயர் வெட்டிவரும் எனக்கு அந்த ஒரு வரி ஆறவில்லை.

தாள் வேறு, உலோகம் வேறு என்பது தாங்கள் அறியாததன்று. காசு அடிக்கும் உலோக அச்சில் எழுத்தைக் குழிவாகவும் இடவலம் மாற்றியும் வெட்ட வேண்டும். பெரிதாகச் செய்த மாதிரியைக் காசின் அளவுக்குச் சுருக்கும்போது மெல்லிய கோடுகள் மறையும். மூன்று சுழி 'ண' அடைத்துக்கொண்டு இரண்டு சுழி 'ன'வைப் போலத் தோன்றும். தமிழுக்கு இவற்றோடு புள்ளியும் உண்டு. 2024இல் வெளியான கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய் நாணயத்தில் உள்ள 'தமிழ் வெல்லும்' என்னும் இரண்டே சொற்களில் மூன்று புள்ளிகள். 44 மில்லிமீட்டர் வட்டத்தில் உருவத்துக்குப் போக மிஞ்சும் இடத்தில் அவற்றை எவ்வளவு பெரிதாக, எவ்வளவு தள்ளி வைப்பது என்று தீர்மானிக்க, எழுத்தையே தொழிலாகக் கொண்ட கண் வேண்டாமா?

'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பொறித்த பாண்டியரின் சதுரச் செப்புக்காசை இன்னாருடையது என்று நமக்குச் சொன்னது அதன் எழுத்துதான். பிரிட்டனில் நாணயம், பதக்கம், முத்திரை ஆகியவற்றின் வடிவங்களை ஆராய 1922இல் அமைத்த குழுவில் சிற்பிகளோடு எழுத்துக்கலை வல்லுநர்களும் இடம்பெற்று வந்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 2011 முதல் நம் நாணயங்களில் இடம்பெறும் ரூபாய்க் குறியை வரைந்த உதயகுமார், தமிழ் எழுத்து வடிவங்களை ஆய்வு செய்தவர். கட்டுரையில் அவர் பெயரும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதிப் பள்ளி ஒன்று, பொன்விழாப் பதக்கத்துக்கு எழுதித் தரும்படி என்னைக் கேட்டது. நான்கு இரவுகள் உட்கார்ந்து வரைந்து கொடுத்ததை, நாலு எழுத்துக்கு இவ்வளவு கூலியா என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். வெளியூரில் அடித்து வந்த பதக்கங்களில் மெருகேற்றும்போது புள்ளி தேய்ந்து 'பொனவிழா' என்று ஆகியிருந்தது. அவற்றில் ஒன்றை என் பேத்தி பரிசாக வாங்கி வந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நோகிறது.

இதைப் பற்றி அப்போதே நான் எழுதிய கடிதம் தங்கள் இதழில் வரவில்லை. அதற்காக இன்று முறையிட வரவில்லை. நாணயமோ பதக்கமோ பற்றி இனி எழுதும்போது, எழுத்தை வடித்தவர் யார் என்று விசாரித்து, தெரிந்தால் அவர் பெயரையும் போடுங்கள். படத்தையும் விளிம்பெழுத்து தெரியும்படி முழுமையாக வெளியிடுங்கள். சென்ற ஞாயிறு வந்த படத்தில் அது பாதிக்கு மேல் வெட்டுப்பட்டிருந்தது.

இப்படிக்கு,
பெயர் வெட்டும் தொழிலாளி,
திருநெல்வேலி டவுன்.